அயலாள்: பண்டை யூத ஞான நூல்களில் வேற்றுநாட்டுப் பெண்



எபிரேய விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில், ஏழாம் அதிகாரத்தில், ஒரு தெருக்காட்சி வருகிறது. பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. ஒருவர் தம் வீட்டுச் சன்னல் பின்னல் வழியாக வெளியே பார்க்கிறார். விவரம் அறியாத இளைஞன் ஒருவன் தெருமூலை வீட்டை நோக்கிப் போகிறான். ஒரு பெண் எதிர்கொண்டு வந்து அவனைப் பற்றிக்கொள்கிறாள், முத்தமிடுகிறாள், பேசத் தொடங்குகிறாள். நேர்ந்துகொண்ட பலியை இன்றைக்குத்தான் செலுத்தி முடித்தேன் என்கிறாள். எகிப்திலிருந்து வந்த துணியைக் கட்டிலில் விரித்திருக்கிறேன், வெள்ளைப்போளமும் அகிலும் இலவங்கப்பட்டையும் தூவி வைத்திருக்கிறேன் என்கிறாள். கணவன் பணப்பையை எடுத்துக்கொண்டு நெடுந்தூரப் பயணம் போயிருக்கிறான், முழுநிலவு நாளில்தான் வீடு திரும்புவான் என்கிறாள். இளைஞன் அவள் பின்னாலேயே போய்விடுகிறான்.

இந்தக் காட்சியைச் சொல்பவர் தந்தை. கேட்பவன் மகன். பெண்ணின் பேச்சு 14ஆம் வசனம் தொடங்கி 20ஆம் வசனம் வரை, ஏழு வசனங்கள் நீள்கிறது. சன்னலுக்கு உள்ளே நிற்கிறவருக்கு, இருண்ட தெருவில் இருவர் நெருங்கி நின்று பேசியது கட்டில் விரிப்பின் விவரம் வரை எப்படிக் கேட்டது? கேட்டிருக்க வழியில்லை. அவள் பேசுவதாக நாம் படிப்பது அவர் ஆக்கித் தந்த பேச்சு. அதனால் இன்று ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போக விரும்புகிறேன். பண்டை யூத ஞான நூல்களில், நீதிமொழிகளிலும் யோபுவிலும் சீராக்கின் நூலிலும் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களிலும், வேற்றுநாட்டுப் பெண் எங்கேனும் தன் வாயால் பேசுகிறாளா?

சன்னலில் நிற்பவர் யார் என்பதிலேயே ஏடுகள் ஒத்துப்போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எபிரேய மூலத்தில் அது பேசுகிறவரின் சன்னல். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பவள் அந்தப் பெண்தான். 1993இல் அத்தல்யா பிரென்னரும் ஃபோக்கலீன் வான் டைக் ஹெம்மஸும் இன்னொரு வாசிப்பை முன்வைத்தார்கள். சன்னலில் நிற்பவர் தந்தையாகத்தான் இருக்க வேண்டுமா, பிள்ளையை எச்சரிக்கும் தாயின் குரலாக இதைக் கேட்க முடியாதா என்று கேட்டார்கள். பிறகு இந்தக் கேள்விக்குத் திரும்புவோம்.

எச்சரிக்கப்படும் பெண் யார்? முதல் ஒன்பது அதிகாரங்களில் மூலம் அவளை இரண்டு பெயரால் மாறி மாறிக் குறிக்கிறது. ஒன்று ‘வெளியாள்’ என்று பொருள்படுவது. மற்றது ‘வேற்றுநாட்டவள்’ என்பது. பழைய தமிழ் விவிலியத்தில் ‘பரஸ்திரீ’ என்று படித்துப் பழகியவர்களுக்கு அவள் பிறன் மனைவி மட்டுமே. அறிஞர்களோ ஒரு நூற்றாண்டாக வாதிட்டு வருகிறார்கள். 1935இல் குஸ்தாவ் போஸ்த்ரம் அவளை வேற்றுத் தெய்வ வழிபாட்டோடு சேர்த்துப் பார்த்தார். பலி செலுத்தியதாக அவள் சொல்லும் செய்தி அந்த வாசிப்புக்கு இடம் தந்தது. அவள் நாட்டால் அயலாள் அல்லள், குடும்ப ஒழுங்குக்கு வெளியே நிற்பவள் என்பாரும் உண்டு. 1989இல் கரோல் நியூசம் எழுதிய கட்டுரை வேறொரு பக்கம் கவனத்தைத் திருப்பியது. அவள் யார் என்று தேடுவதைவிட, தந்தை மகனிடம் பேசும் பேச்சுக்கு அவள் ஏன் தேவைப்படுகிறாள் என்று பாருங்கள் என்றது அது. எனக்கு மிகவும் பயன்பட்ட கட்டுரை. தந்தையின் அதிகாரம் நிலைக்க ஓர் எதிர்க்குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரலையும் அவரே எழுதிக்கொண்டார்.

ஆனாலும் இந்த அச்சத்துக்கு மண்ணில் கால் இல்லாமல் இல்லை. ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். அவளிடம் போனால் உன் உழைப்பின் பலன் அந்நியன் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்கிறார் தந்தை. இரண்டாம் அதிகாரத்தில் அவளைப் பற்றிய எச்சரிக்கை முடிந்த கையோடு, நேர்மையாளர் நாட்டில் குடியிருப்பார்கள், தீயோர் அதிலிருந்து அறுத்தெறியப்படுவார்கள் என்று வருகிறது. கட்டிலைப் பற்றிய பேச்சு நிலத்தில் வந்து முடிகிறது. தந்தையின் கவலையில் பாதி சொத்துக் கவலை.

இதை 1991இல் ஜோசப் பிளென்கின்சாப் பாரசீகர் காலத்து யூதாவோடு இணைத்துப் பார்த்தார். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் எருசலேமுக்குத் திரும்பி, சிறிய நிலப்பரப்பில், தங்களுக்குள் ஒரு சபையாகக் கூடி வாழ முயன்ற காலம் அது. எஸ்றா நூலின் பத்தாம் அதிகாரம் அந்தச் சபையின் வலிமையைக் காட்டுகிறது. மூன்று நாளுக்குள் எருசலேம் வந்து சேராதவனின் உடைமை பறிமுதலாகும், அவனும் சபையிலிருந்து விலக்கப்படுவான் என்று ஆணை பிறக்கிறது. ஒன்பதாம் மாதம் இருபதாம் நாள். கொட்டும் மழையில் கோயில் முன்வெளியில் மக்கள் நடுங்கியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். வேற்றினப் பெண்களை மணந்தவர்கள் அவர்களை விலக்கிவிட வேண்டும் என்பது முடிவு. பெற்ற பிள்ளைகளையும் சேர்த்து அனுப்புவது என்பது முன்வைக்கப்பட்ட திட்டம். மணந்த ஆண்களின் பட்டியல் நூறு பேரைத் தாண்டுகிறது, பெயர் பெயராக. அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அங்கே இல்லை. எஸ்றா எருசலேம் வந்ததாக மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 458, நெகேமியா வந்தது கி.மு. 445. நெகேமியாவின் குறிப்பில் அஸ்தோத், அம்மோன், மோவாப் நாட்டு மனைவியர் வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப்பேருக்கு யூதாவின் மொழி பேசத் தெரியவில்லை என்று அவர் கொதிக்கிறார். சாலொமோனையே கெடுத்தவர்கள் இப்படிப்பட்ட பெண்கள்தாம் என்கிறார்.

நீதிமொழிகளின் முதல் ஒன்பது அதிகாரங்கள் இதே காலத்தில் எழுந்தவை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. இன்னும் பழையவை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். எழுந்த காலம் எதுவானாலும், அந்த வசனங்களைப் பாரசீகர் காலத்து யூதா வீட்டில் ஒரு தந்தை மகனுக்குச் சொன்னபோது அவை எப்படி ஒலித்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்போது அதே ஆண்டுகளில் வேறோர் இடத்துக்குப் போவோம். தெற்கு எகிப்தில், நைல் ஆற்றின் நடுவே, அஸ்வானை ஒட்டிய எலிஃபன்டைன் தீவு. பாரசீக அரசுக்குப் பணிபுரிந்த யூதப் படைக்குடியிருப்பு ஒன்று அங்கே இருந்தது. ‘யாகு’ என்ற பெயரில் தங்கள் இறைவனுக்கு அவர்கள் ஒரு கோயிலும் வைத்திருந்தார்கள். அந்தக் கோயிலின் ஊழியர் அனனியா. அவர் கி.மு. 449இல், எஸ்றாவுக்கும் நெகேமியாவுக்கும் இடைப்பட்ட ஆண்டில், தாமெத் என்ற எகிப்தியப் பெண்ணை மணக்கிறார். அவள் மெசுல்லாம் என்ற யூதருக்குச் சொந்தமான அடிமை. அரமேயத்தில் எழுதிய அவர்களுடைய திருமண ஒப்பந்தம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1893இல் சார்லஸ் எட்வின் வில்பர் எகிப்தில் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் கட்டுகளில் ஒன்று அது. அவர் பெட்டியிலேயே அரை நூற்றாண்டு கிடந்து, பிறகு புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1953இல் எமில் கிரேலிங் பதிப்பித்த நூலில் அச்சேறியது.

மணப்பெண் கையோடு கொண்டுவந்த பொருள்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு கம்பளி ஆடை, ஒரு கண்ணாடி, ஒரு சோடிச் செருப்பு, ஆமணக்கெண்ணெய். சபை முன் எழுந்து நின்று ‘இவளை விலக்குகிறேன்’ என்று சொல்ல அனனியாவுக்கு உரிமை உண்டு; ‘இவரை விலக்குகிறேன்’ என்று சொல்லத் தாமெத்துக்கும் அதே உரிமை உண்டு. கி.மு. 427இல் அவளும் அவள் மகள் யெகோயிஷ்மாவும் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். மகளின் பெயரில் தந்தையின் இறைவன் பெயர் இருக்கிறது.

நீதிமொழிகளின் தந்தை வரைந்த கட்டிலில் எகிப்தியத் துணி விரிந்திருந்தது. உண்மையில் எகிப்தியப் பெண்ணொருத்தி யூதர் வீட்டுக்குள் வந்தபோது கொண்டுவந்தது ஆமணக்கெண்ணெயும் ஒரு சோடிச் செருப்பும். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏழாம் அதிகாரத்தையும் இந்த ஒப்பந்தத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள். ஞான நூல்களின் பெண்களைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ ஆய்வுகளைவிட அந்த ஒரு வாசிப்பு எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

எகிப்து என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அயலூர்ப் பெண்ணைப் பற்றிய எச்சரிக்கை யூதர்களின் கண்டுபிடிப்பு அல்ல. எகிப்தின் புதிய அரசுக் காலத்தைச் சேர்ந்த அனியின் அறிவுரை நூல், ஊரில் யாருக்கும் தெரியாத வெளியூர்ப் பெண்ணிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி மகனிடம் சொல்கிறது. அவள் கணவன் தொலைவில் இருக்கிறான். அவள் ஆழம் தெரியாத நீர். சாட்சிகள் இல்லாத நேரம் பார்த்து வலை விரிப்பாள். நீதிமொழிகளில் நாம் கண்ட பெண்ணின் அச்சு இங்கே முன்பே இருக்கிறது. நீதிமொழிகளின் 22, 23ஆம் அதிகாரங்களில் ஒரு பகுதி அமெனெமோபே என்ற எகிப்திய எழுத்தரின் நூலோடு நெருங்கிப் பொருந்துவதை 1924இல் அடோல்ஃப் எர்மான் எடுத்துக்காட்டியதும் நினைவில் இருக்கட்டும். வேற்றுநாட்டு அறிவைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்ட மரபு, வேற்றுநாட்டுப் பெண்ணை அஞ்சும் பாடத்தையும் வேற்றுநாட்டாரோடு பகிர்ந்துகொண்டிருக்கிறது. எந்த ஊர்த் தந்தைக்கும் மகனை மயக்குகிறவள் வேறு ஊர்க்காரிதான்.

பின்வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் ஊரையும் உடலையும் இழக்கிறாள். கிரேக்கத்தில் நீதிமொழிகளை மொழிபெயர்த்தவர், இரண்டாம் அதிகாரத்தில் அவள் இருந்த இடத்தில் ‘தீய ஆலோசனை’ என்ற கருத்தை வைக்கிறார். கி.மு. 180ஐ ஒட்டி எருசலேமில் எழுதிய சீராக், தம் ஒன்பதாம் அதிகாரத்தில் பெண்களைப் பற்றி எச்சரிக்கைகளை அடுக்குகிறார். எந்த நாட்டுப் பெண் என்ற கேள்வி அவரை உறுத்தவில்லை. சாலொமோனின் வீழ்ச்சியைச் சொல்லும்போதுகூட, பெண்களுக்கு உன்னை ஒப்புக்கொடுத்தாய் என்று குற்றம் சாட்டுகிறாரே தவிர, அவர்கள் வேற்றினத்தார் என்று குறிப்பிடவில்லை. அரசர்கள் நூலின் குற்றச்சாட்டோ முழுக்க அதுதான். பிறகு சாக்கடலை ஒட்டிய கும்ரானின் நான்காம் குகைச் சுருள் ஒன்று. 1964இல் ஜான் அலெக்ரோ வெளியிட்டபோது ‘கெட்ட பெண்ணின் சூழ்ச்சிகள்’ என்று அதற்குத் தலைப்புக் கொடுத்தார். அங்கே அவளுக்குக் கணவன் இல்லை, கட்டில் விரிப்பு இல்லை. அவளுடைய ஆடை இருள், அவளுடைய படுக்கை பாதாளம், அவள் தேடுவது விவரமற்ற இளைஞனை அல்ல, நேர்மையாளரை. நீதிமொழிகளில் ஏழு வசனம் பேசியவள் இங்கே நேர்ப்பேச்சு ஒன்றும் தரப்படாத தீமையாகிவிடுகிறாள். ஒரு நாட்டுப் பெண்ணை அஞ்சுகிறவனுக்கு, என்றாவது அந்த நாட்டுப் பெண்ணொருத்தியைச் சந்தித்து மனம் மாறும் வாய்ப்பு இருக்கிறது. இருளே உருவான பெண்ணை யாரும் சந்திக்க முடியாது. அதனால் இந்த மாற்றத்தை முன்னேற்றம் என்று என்னால் கருத முடியவில்லை.

மறுபக்கம் இருக்கிறது. யோபு இஸ்ரவேலர் அல்லர்; ஊத்ஸ் நாட்டவர். அவருடைய மகள்களும் அப்படியே. நூலின் கடைசியில் அவருக்குப் பிறக்கும் ஏழு மகன்களின் பெயரை நூல் சொல்லவில்லை. மூன்று மகள்களின் பெயர்களைச் சொல்கிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். முதற்பெயர் புறாவைக் குறிப்பதாகக் கொள்வர். இரண்டாவது இலவங்கத்தின் இனமான ஒரு மணப்பட்டை. மூன்றாவது கண்மை வைக்கும் கொம்புச் சிமிழ். நீதிமொழிகளின் தந்தை, அவள் தன் இமைகளால் உன்னைப் பிடித்துவிடுவாள் என்று அஞ்சினார். கட்டிலில் தூவிய நறுமணங்களை அடுக்கிக்காட்டி அஞ்சினார். இங்கே அதே மையும் மணமும் ஒரு தந்தை தம் பெண்களுக்கு மகிழ்ந்து இட்ட பெயர்கள். அவர்களுடைய அழகை நூல் புகழ்கிறது. அழகால் எந்தத் தீங்கும் விளையவில்லை. சகோதரர்களோடு அவர்களுக்கும் தந்தை சொத்தில் பங்கு கொடுக்கிறார். மோசேயின் சட்டப்படி மகன் இல்லாத வீட்டில்தான் மகளுக்குச் சொத்து. ஊத்ஸ் நாட்டில் மகன்கள் ஏழு பேர் இருக்க மகள்களுக்கும் பங்கு. ஆனால் அவர்களும் பேசவில்லை.

சேபா நாட்டு அரசி பேசுகிறாள் என்பீர்கள். அவள் விடுகதைகளோடு வந்து சாலொமோனைச் சோதித்ததை அரசர்கள் நூல் சொல்கிறது. அவள் அவனைப் புகழ்ந்த பேச்சைப் பதிவு செய்த அந்நூல், அவள் கேட்ட விடுகதை ஒன்றைக்கூடப் பதிவு செய்யவில்லை. பல நூற்றாண்டு கழித்து நீதிமொழிகளுக்கு எழுந்த மித்ராஷ் என்ற யூத விளக்கவுரைதான் அந்த வெற்றிடத்தைச் சில விடுகதைகளால் நிரப்ப முயன்றது.

அப்படியானால் ஞான நூல்களுக்குள் அவள் தன் வாயால் பேசும் இடம்? நீதிமொழிகளின் கடைசி அதிகாரம். முப்பத்தொன்றாம் அதிகாரத்தின் தலைப்பு, இது லேமுவேல் என்ற அரசனுக்கு அவன் தாய் கற்பித்தது என்கிறது. இஸ்ரவேலிலோ யூதாவிலோ லேமுவேல் என்று ஓர் அரசன் ஆண்டதில்லை. தலைப்பில் வரும் ‘மாசா’ என்பதை உபதேசம் என்று கொண்டது பழைய தமிழ் விவிலியம். அதை நாட்டின் பெயராகக் கொள்வதே பொருத்தம் என்று இன்று பலர் கருதுகிறார்கள்; நானும் அவர்கள் பக்கம். ஆதியாகமம் மாசாவை இஸ்மவேலின் மகன்களில் ஒருவனாகச் சொல்கிறது. அசீரிய அரசன் மூன்றாம் திக்லாத் பிலேசரின் கல்வெட்டுகள் மாசாவைத் தேமா, சபா முதலிய அரபுக் குழுக்களோடு சேர்த்துக் குறிக்கின்றன. அதே அரசனின் கல்வெட்டுகளில் சபிபே, சம்சி என்ற அரபு அரசியர் இருவர் வருகிறார்கள். ஒருத்தி திறை கட்டினாள், ஒருத்தி அவனோடு போரிட்டாள். பாலைநிலத்து அரசி ஒருத்தி ஆட்சிமுறையைத் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த நிலப்பரப்பில் கற்பனை அல்ல.

அவள் பேச்சு இரண்டாம் வசனம் தொடங்கி ஒன்பதாம் வசனம் வரை. எட்டு வசனங்கள். மகனே என்று மூன்று முறை அழைக்கிறாள். ‘மகன்’ என்பதற்கு வழக்கமான எபிரேயச் சொல்லை விட்டு அரமேயச் சொல்லை ஆள்கிறாள். ஏடெடுத்து எழுதியவர்கள் அவளுடைய அயல்வாடையைத் துடைத்துவிடவில்லை. பெண்களிடம் உன் வலிமையை இழக்காதே என்று அவளும் சொல்கிறாள். பிரென்னரின் கேள்வி இங்கே திரும்ப வருகிறது: இத்தகைய எச்சரிக்கை தாயின் வாயிலும் இருந்திருக்கிறது. ஆனால் அதற்கு அவள் ஒதுக்குவது ஒரே வசனம். மயக்குகிறவளுக்கு ஊர் இல்லை, இனம் இல்லை, கட்டில் இல்லை, இருட்டுத் தெரு இல்லை. அடுத்து மதுவுக்குப் போகிறாள். குடித்த அரசன் சட்டத்தை மறப்பான், எளியவரின் வழக்கைப் புரட்டுவான் என்கிறாள். கடைசி இரண்டு வசனங்களில், பேச முடியாதவருக்காக உன் வாயைத் திற, ஏழையின் வழக்கில் நியாயம் தீர் என்கிறாள். சாலொமோன் பெயரால் வழங்கும் நூலில் அரசனின் கடமையை இவ்வளவு நேராக அரசன் முகத்துக்கு எதிரே சொல்வது வேற்றுநாட்டுப் பெண்.

இதைத் தொடர்ந்து, எபிரேய நெடுங்கணக்கின் வரிசையில் 22 வசனங்களில் திறல்மிக்க பெண்ணைப் பாடும் பாட்டு வருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் இரண்டும் அடுத்தடுத்து இல்லை. தாயின் பேச்சு முன்னே போய்விட, பாட்டு மட்டும் நூலின் முடிவில் நிற்கிறது. எபிரேய மரபுதான் இவற்றைச் சேர்த்து வைத்தது. பாட்டின் தலைவிக்குரிய அடைமொழி எபிரேய விவிலியத்தில் மூன்றே இடத்தில் வருகிறது. இரண்டு நீதிமொழிகளில். மூன்றாவது ரூத் நூலில். நள்ளிரவில் களத்துமேட்டில் தன் காலடியில் வந்து படுத்த மோவாபியப் பெண் ரூத்திடம், நீ அத்தகையவள் என்று ஊரே அறியும் என்கிறான் போவாஸ். இருட்டு, தானே தேடி வரும் அயல்நாட்டுப் பெண், அவள் பேசும் துணிவான பேச்சு: நீதிமொழிகளின் ஏழாம் அதிகாரத்தில் ஒருவனை அழித்தவை இங்கே ஒரு குடும்பத்தை வாழ வைக்கின்றன. 1008ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் எபிரேய விவிலிய ஏட்டில் நீதிமொழிகளின் இறுதிப் பாட்டை அடுத்து வருவது ரூத் நூல்தான். எல்லா ஏடுகளிலும் இந்த வரிசை இல்லை.

நீதிமொழிகளை அதன் முதல் வசனம் சொல்கிறபடியே சாலொமோனின் பேச்சாக ஒரு முறை வாசித்துப் பார்ப்போம். பேசும் தந்தை தாவீதின் மகன் சாலொமோன். ‘மகனே’ என்று அழைக்கப்படுகிறவன் அவனுக்குப் பின் அரியணை ஏறிய ரெகொபெயாம். ரூத் தாவீதுக்குக் கொள்ளுப்பாட்டி, சாலொமோனுக்கு எள்ளுப்பாட்டி, மோவாபியள். ரெகொபெயாமின் தாய் நாமாள். அம்மோனியள் என்று அரசர்கள் நூல் எழுதிவைத்திருக்கிறது. பத்தாம் தலைமுறை ஆனாலும் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் பெயர் சொல்லி விலக்கிய இனங்கள் இவை இரண்டும்தான். ஆறாம் அதிகாரத்தில், வேற்றுநாட்டவளின் இனிய நாவிலிருந்து உன்னைக் காப்பது எது என்று தந்தை சொல்ல வரும்போது, தம் கட்டளையோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறார்: உன் தாயின் போதனையைக் கைவிடாதே.